கோபுரத்திலிருந்து கண்ணைக் கொஞ்சம் இறக்குங்கள்: கும்பகோணத்தில் என் காலை நடை



வெளிநாட்டில் இருக்கும் என் பழைய மாணவி ஒருத்தி போன வாரம் கேட்டிருந்தாள். "டீச்சர், லீவுக்குப் பிள்ளைகளோட வரேன். கோயிலெல்லாம் போன தடவையே காட்டியாச்சு. கும்பகோணத்துல வேற என்ன இருக்கு?" அவளுக்கு மட்டும் பதில் அனுப்பாமல் எல்லோருக்குமாகவே எழுதிவிடலாம் என்று தோன்றியது. கொஞ்சம் நீளம்தான். காபியைப் போட்டு வைத்துக்கொண்டு பொறுமையாகப் படியுங்கள்.

ஓய்வு பெற்ற பிறகு தினமும் காலை ஐந்தரை மணிக்கு நடக்கக் கிளம்பிவிடுகிறேன். வடக்கே காவிரி, தெற்கே அரசலாறு, நடுவில் நம் ஊர். 2021-ல் மாநகராட்சி ஆகிவிட்டது என்றாலும், நடந்து பார்த்தால் இன்னும் சின்ன ஊர்தான். ஒரு நாள் காவிரிக்கரைப் பக்கம், மறுநாள் குளத்தங்கரைப் பக்கம் என்று மாற்றி மாற்றிப் போவேன். வெளியூரிலிருந்து வருபவர்கள் இங்கே அண்ணாந்து பார்த்தபடியே நடப்பார்கள். அவ்வளவு கோபுரங்கள். அந்தக் கோபுரங்களைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் வாத்தியார் வேலை பார்த்தவள். என் கண் பள்ளிக்கூடங்களின் மீதுதான் போகும். அதனால் இந்த ஊரின் கதையைப் பிள்ளைகள் படித்த இடங்களின் வழியாகச் சொல்கிறேன்.

முதலில் சாரங்கபாணி சன்னதி தெரு. தேர் ஓடுகிற தெருவில், திண்ணை வைத்த ஒரு சிறிய ஓட்டு வீடு. கணித மேதை ராமானுஜன் வளர்ந்த வீடு அது. அவர் பிறந்தது ஈரோட்டில், தாய்வழிப் பாட்டி வீட்டில், 1887 டிசம்பர் 22. வளர்ந்தது இங்கே. அப்பா புடவைக் கடையில் கணக்கு எழுதுபவர். வசதியான குடும்பம் இல்லை. தாள் வாங்கக் காசு போதாமல், பையன் பலகையில் கணக்குப் போட்டு முழங்கையாலேயே அழித்து அழித்து எழுதியிருக்கிறார். முடிவை மட்டும் நோட்டில் எழுதி வைப்பார். நடுவில் உள்ள படிகளெல்லாம் முழங்கையோடு போய்விடும். அந்த நோட்டுகளில் இருந்தவற்றை நிரூபிக்கத்தான் பிற்காலத்தில் உலகத்துக் கணித அறிஞர்கள் பல பத்தாண்டுகள் உழைத்தார்கள்.

2003-ல் இந்த வீட்டைச் சாஸ்த்ரா பல்கலைக்கழகம் எடுத்துப் புதுப்பித்தது. அப்போதைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் வந்து அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். உள்ளே போனால் ஐந்து நிமிடத்தில் பார்த்து முடித்துவிடலாம். ஆனால் பிள்ளைகளை அந்தத் தெருவில் கொஞ்ச நேரம் நிறுத்தி வையுங்கள். இவ்வளவு சின்ன வீட்டிலிருந்தா என்று அவர்களே கேட்பார்கள்.

அடுத்தது டவுன் ஹைஸ்கூல். 1864-ல் தொடங்கிய பள்ளி. 1897-ல் தொடக்கப்பள்ளித் தேர்வில் மாவட்டத்திலேயே முதலாவதாக வந்த ராமானுஜன், அடுத்து இங்கே சேர்ந்தார். 1904-ல் பள்ளிப் படிப்பை முடித்தபோது கணிதத்துக்கான ரங்கநாத ராவ் பரிசை வாங்கினார். கார் என்ற ஆங்கிலேயர் தொகுத்த கணித நூல், ஆயிரக்கணக்கான தேற்றங்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகும் புத்தகம், அவர் கைக்கு வந்ததும் இங்கே படித்துக்கொண்டிருந்த காலத்தில்தான். பையனின் திறமையைத் தலைமையாசிரியர் அறிந்திருந்தார், ஊரும் அறிந்திருந்தது. ஒரு பிள்ளையின் வாழ்க்கையில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களில் ஆசிரியராக இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

காவிரிக்கரைக்குப் போனால் அரசு ஆடவர் கலைக் கல்லூரி. 1854-ல் மாகாணப் பள்ளியாகத் தொடங்கிப் பிறகு கல்லூரியாக வளர்ந்தது. கேம்பிரிட்ஜில் படித்துவிட்டு வந்த வில்லியம் ஆர்ச்சர் போர்ட்டர் என்ற ஆங்கிலேயர் இதன் முதல்வராக இருந்து வளர்த்தார். நீங்கள் கல்யாணத்துக்கும் கூட்டத்துக்கும் போய் வந்த போர்ட்டர் டவுன் ஹாலுக்கு அந்தப் பெயர் அவரால் வந்ததுதான். தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என்று இந்தக் கல்லூரியைப் பெருமையாகச் சொல்வார்கள். கல்லூரிக்குப் போக ஆற்றைக் கடக்க வேண்டும். 1944-ல் நடைப்பாலம் வரும்வரை மாணவர்களும் ஆசிரியர்களும் படகில்தான் போனார்கள். ஆற்றில் வெள்ளம் வந்த நாளில் பாடத்துக்குப் போவது என்ன பாடாக இருந்திருக்கும் என்று பாலத்தின் மேல் நின்று பார்த்தால் புரியும்.

தமிழ்த்தாத்தா உ.வே.சாமிநாதையர் 1880 முதல் 1903 வரை இங்கேதான் தமிழாசிரியர். கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் ராமசாமி முதலியார், என்ன படித்திருக்கிறீர்கள் என்று அவரைக் கேட்டார். இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ் என்று அடுக்கினார். சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று அவர் திருப்பிக் கேட்டார். அந்த ஒரு கேள்வியில் தொடங்கியதுதான் உ.வே.சா.வின் ஏடு தேடும் வாழ்க்கை. சிந்தாமணி அச்சில் வந்த ஆண்டு 1887. ராமானுஜன் பிறந்த ஆண்டும் அதுவே. தமிழ்த்தாத்தா இக்கல்லூரியை விட்டுச் சென்னைக்குப் போனது 1903, ராமானுஜன் இங்கே மாணவனாக நுழைந்தது 1904. ஓர் ஆண்டு வித்தியாசத்தில் இருவரும் ஒருவரையொருவர் தவறவிட்டார்கள்.

ராமானுஜனுக்கு இங்கே உதவித்தொகை கிடைத்தது. கணக்கைத் தவிர வேறு எதிலும் மனம் போகவில்லை. மற்ற பாடங்களில் தோற்றார், உதவித்தொகை போனது, வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடினார். தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் தோற்கடித்த பையனை 1918-ல் அசல் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரி தன் ஆய்வறிஞராகத் தேர்ந்தெடுத்தது. 1920 ஏப்ரல் 26 அன்று, 32 வயதில், சென்னையில் காலமானார்.

இதுவரை எழுதியது எல்லா வழிகாட்டிப் புத்தகத்திலும் இருப்பதுதான். இனி எழுதப் போவதற்காகத்தான் இந்தப் பதிவையே தொடங்கினேன்.

மகாமகக் குளத்துக்கு வாருங்கள். ஆறு ஏக்கருக்கு மேல் பரப்பு. சுற்றிலும் 16 மண்டபங்கள். தஞ்சை நாயக்க மன்னர்களின் அமைச்சர் கோவிந்த தீட்சிதர் கட்டியவை. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாசி மகத்தில் இந்தக் குளத்தில் முழுக வடநாட்டிலிருந்தெல்லாம் வருவார்கள். 1992 பிப்ரவரி 18 அன்று நடந்த மகாமகத்தில் குளக்கரையில் நெரிசல் ஏற்பட்டு நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். புண்ணியம் தேடி வந்தவர்கள். ஊரே தலைகுனிந்து நின்ற நாள்.

ஆனால் அந்த நாளிலிருந்து இந்த ஊர் பாடம் படித்தது. அடுத்த மகாமகம் 2004 மார்ச் 6. போக ஒரு வழி, வர ஒரு வழி, வழியெல்லாம் தடுப்புக் கட்டைகள், கூட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விடும் ஏற்பாடு என்று மாதக்கணக்கில் திட்டம் போட்டார்கள். லட்சக்கணக்கான மக்கள் வந்தார்கள், முழுகினார்கள், பத்திரமாக ஊர் திரும்பினார்கள். 2016-லும் அப்படியே. கூட்டத்தைக் காப்பாற்ற முடியும், மனசு வைத்தால் நடக்கும் என்று காட்டிய ஊர் இது.

அந்த மார்ச் 6-க்குப் பிறகு நான்கு மாதம் பத்து நாள் கழித்து வந்தது 2004 ஜூலை 16.

வெள்ளிக்கிழமை. காசிராமன் தெரு. காலை பதினொரு மணி வாக்கில் ஒரு பள்ளியின் சத்துணவுச் சமையல் கூடத்தில் பிடித்த தீ, கூரைக் கீற்றில் பற்றி மேல்மாடிக்குப் போனது. அங்கே சின்னப் பிள்ளைகளின் வகுப்பு. மேலே கீற்றுக் கொட்டகை. இறங்குவதற்கு ஒரே ஒரு குறுகலான படிக்கட்டு. எரிந்த கூரை பிள்ளைகள் மேலேயே விழுந்தது. 94 குழந்தைகள் போய்விட்டார்கள். எல்லோரும் தொடக்கப்பள்ளி வயது.

இந்த எண்ணை எழுதும்போது இன்னும் எனக்குக் கை நடுங்குகிறது. ஆனால் எழுதித்தான் ஆகவேண்டும். அன்று பிறக்காத பிள்ளைகள் இன்று கல்லூரிக்குப் போகிறார்கள். காசிராமன் தெருவில் அவர்கள் வண்டியில் போகும்போது, இது எந்தத் தெரு என்று சொல்ல ஆள் வேண்டும்.

அந்தக் கூரை அங்கே எப்படி வந்தது என்பதையும் ஒரு வரலாறாகவே பார்க்க வேண்டும். நம் டெல்டாவில் கீற்று கெட்ட பொருள் இல்லை. தென்னை இருக்கும் ஊரில் மலிவாகக் கிடைக்கும். வெயிலில் ஓட்டை விட, தகரத்தை விடக் குளிர்ச்சி. உங்களில் பாதிப் பேர் கீற்று வீட்டில் பிறந்தவர்கள்தான். தரையில் ஒற்றைக் கூரையாக, நாலு பக்கமும் திறந்து, வெளியே ஓட இடத்தோடு இருக்கும்வரை அதில் படிக்கலாம். அதையே மாடியில் போட்டு, சுவர் எழுப்பி, ஒரே படிக்கட்டு வைத்து, இருக்க வேண்டியதை விட அதிகமான பிள்ளைகளை உட்கார வைத்தால் கதை வேறு. ஆனி, ஆடிக் காற்றில் காய்ந்து கிடக்கும் கீற்றுக்கு ஒரு பொறி போதும்.

சமையல் கூடத்தையும் குறை சொல்லக் கூடாது. பள்ளியில் சோறு என்பது இந்த மாநிலத்தின் பெரிய பெருமை. 1956-ல் காமராசர் தொடங்கிய மதிய உணவு, 1982-ல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவு, இவை இல்லாவிட்டால் நான் பாடம் நடத்திய பிள்ளைகளில் எத்தனையோ பேர் பள்ளிப் பக்கமே வந்திருக்க மாட்டார்கள். வயிற்றுக்குச் சோறு போடத் தெரிந்த ஏற்பாட்டுக்கு, அந்த அடுப்பு எங்கே இருக்க வேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அதைப் பார்த்துச் சொல்லச் சம்பளம் வாங்கியவர்கள் இருந்தார்கள்.

எச்சரிக்கை இல்லாமல் வந்ததா என்றால் அதுவும் இல்லை. 1997 ஜூனில் தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கின்போது யாகசாலைப் பந்தல் தீப்பற்றி நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் போட்ட கீற்றுப் பந்தல் எரிந்து, மாப்பிள்ளை உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இரண்டும் நமக்குப் பக்கத்து ஊர்கள். ஸ்ரீரங்கத்துக்கும் கும்பகோணத்துக்கும் இடையே ஆறு மாதம் கூட இல்லை. மாடி, கீற்று, குறுகிய வழி என்று எல்லாம் ஒன்றேதான். அந்த ஆறு மாதத்தில் யாராவது ஒருவர் பள்ளிகளின் கூரையை அண்ணாந்து பார்த்திருந்தால் போதும்.

இந்த ஊரில் கல்யாண வீட்டுக் கூட்டத்துக்கும் திருவிழாக் கூட்டத்துக்கும் பயந்தவர்கள் உண்டு. பள்ளிக்கூடத்தை யாரும் கூட்டம் என்று நினைக்கவில்லை. தினமும் நடக்கிற விஷயம் கண்ணில் படாது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வருகிற கூட்டத்துக்கு மாதக்கணக்கில் திட்டம் போட்ட ஊரில், தினமும் காலை ஒன்பது மணிக்கு மாடி ஏறிய கூட்டத்துக்கு இறங்க இன்னொரு வழி இல்லை.

அதன் பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். மாநிலம் முழுவதும் பள்ளிகளில் கீற்றுக் கூரையைப் பிரிக்க உத்தரவு வந்தது. நான் அப்போது ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் இருந்தேன். எங்கள் பள்ளிக் கட்டடம் ஓடுதான், சமையல் கொட்டகை மட்டும் கீற்று. உத்தரவு காகிதம் வருவதற்கு முன்பே ஊர்க்காரர்கள் வந்து ஒரே சாயங்காலத்தில் அதைப் பிரித்துப் போட்டார்கள். ஒரு பாட்டி, பேரனை மறுநாள் பள்ளிக்கு அனுப்பும்போது வாசல் வரை வந்து, "மேல என்ன போட்டிருக்கீங்க டீச்சர்?" என்று கேட்டு, உள்ளே வந்து தானே பார்த்துவிட்டுத்தான் போனார். என் பணிக்காலத்தில் எத்தனையோ அதிகாரிகள் பள்ளியைப் பார்வையிட்டிருக்கிறார்கள். அந்தப் பாட்டி பார்த்ததுதான் உருப்படியான பார்வை.

தில்லியில் ஒரு பொதுநல வழக்கு போடப்பட்டது. 2009 ஏப்ரல் 13 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கல்வி பெறும் உரிமை என்றால் பாதுகாப்பான பள்ளியில் கல்வி பெறும் உரிமையும் அதில் அடங்கும் என்பது அதன் சாரம். நாட்டில் உள்ள பள்ளிகள் எல்லாவற்றிலும் தீயணைப்புக் கருவி வேண்டும், கட்டடம் தேசியக் கட்டட விதிகளின்படி இருக்க வேண்டும், ஆபத்து வந்தால் என்ன செய்வது என்று ஆசிரியருக்குப் பயிற்சி வேண்டும் என்று உத்தரவு. இன்று உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளித் தாழ்வாரத்தில் சிவப்பு நிறத்தில் ஒரு சிலிண்டர் மாட்டியிருக்கிறதே, அது அங்கே வந்த வழியில் காசிராமன் தெருவும் இருக்கிறது. தஞ்சாவூர் நீதிமன்றத்தின் தீர்ப்பு 2014 ஜூலை 30 அன்று வந்தது. 10 பேர் குற்றவாளிகள், 11 பேர் விடுதலை. பெற்றோர் அதற்குப் பத்து ஆண்டுகள் காத்திருந்தார்கள்.

பாலக்கரையில் குழந்தைகளுக்கு நினைவிடம் இருக்கிறது. காவிரிப் பக்கம் நடக்கும் நாளில் அங்கே ஒரு நிமிடம் நிற்பேன். ஒவ்வொரு ஜூலை 16 அன்றும் பெற்றோர் பள்ளியின் முன் பிள்ளைகளின் படங்களை வைத்து, அவர்களுக்குப் பிடித்த தின்பண்டம் வைத்துக் கும்பிடுகிறார்கள். பிறகு பாலக்கரைக்குப் போகிறார்கள். சாயங்காலம் மகாமகக் குளத்தில் மோட்ச தீபம் ஏற்றுகிறார்கள். அந்தப் பெற்றோருக்கு வயதாகிவிட்டது. படத்தில் இருக்கும் பிள்ளைகள் அதே சீருடையில், அதே இரட்டைச் சடையில் இருக்கிறார்கள். இருந்திருந்தால் இன்று முப்பதை ஒட்டிய வயது. தங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் விட வண்டியை முடுக்கிக்கொண்டு இருப்பார்கள்.

ராமானுஜன் வீட்டைப் பார்க்கும் எவருக்கும் ஒரு நினைப்பு வரும். இந்தப் பையனைக் கண்டுபிடிக்காமல் போயிருந்தால் உலகம் எதை இழந்திருக்கும் என்று. பாலக்கரையில் நிற்கும்போது எனக்கும் அதே நினைப்புதான். அந்த 94 பேரில் மேதை இருந்தாரா என்று நான் கேட்கவில்லை. மேதையாக வேண்டிய அவசியமே இல்லை. ஒரு மெக்கானிக், ஒரு நர்ஸ், ஒரு வாத்தியார், வெற்றிலை வியாபாரி என்று இந்த ஊரில் நடமாடியிருக்க வேண்டிய 94 பேர்.

ஆகவே, வெளிநாட்டிலிருந்து கேட்ட கண்ணு, உனக்கு என் பதில் இதுதான். பிள்ளைகளை அழைத்து வா. காலையில் வெயில் ஏறுவதற்கு முன் நடக்கவை. திண்ணை வீட்டைக் காட்டு, டவுன் ஹைஸ்கூலைக் காட்டு, பாலத்தின் மேல் நின்று கல்லூரியைக் காட்டு. கடைசியாகப் பாலக்கரைக்கும் கூட்டிப் போ. பிள்ளைகள் பயப்படுவார்களே என்று யோசிக்காதே. அவர்கள் வயதுப் பிள்ளைகளின் கதை அது, அவர்களுக்குத் தெரியத்தான் வேண்டும்.

மற்றவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். ரிட்டயர் ஆனாலும் டீச்சர் டீச்சர்தானே! அடுத்த தடவை உங்கள் பிள்ளையின் பள்ளிக்குக் கட்டணம் கட்டவோ, மதிப்பெண் பட்டியலில் கையெழுத்துப் போடவோ போகும்போது ஐந்து நிமிடம் கூடுதலாக இருங்கள். மாடிக்கு எத்தனை படிக்கட்டு, அவற்றின் கதவு பூட்டிக் கிடக்கிறதா, சமையல் எங்கே நடக்கிறது, அந்தச் சிவப்பு சிலிண்டரின் தேதி முடிந்துவிட்டதா, அதைத் திறக்கத் தெரிந்தவர் யார் என்று பாருங்கள், கேளுங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும். உங்கள் ஊர்ப் பள்ளியில் பார்த்ததைக் கீழே எழுதுங்கள், எல்லோருமாகப் படிப்போம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்